அறைக்கு எத்தனை பூக்கல்? 183, 185, 204: எது சரி?

பட்டாலைவாசி (இழையைத் தொடங்கியவர்) | சனி இரவு 8.50

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா காலத்து வீடு. இரண்டாங்கட்டில் ஓர் அறையின் தரை பெயர்ந்துவிட்டது. சிமென்ட் பூசி ஒப்பேற்ற மனசு வரவில்லை, ஆத்தங்குடிப் பூக்கல்லே (பூ வேலைப்பாடு உள்ள தரைக்கல்) போட்டுவிடலாம் என்று முடிவு. இந்த நேரம் பார்த்து ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: வீட்டில் நடக்கும் வேலை ஒன்றை வைத்துத் தசமக் கணக்கு எழுதி, விடையும் கண்டுபிடித்து வர வேண்டும்.

அறை 13.5 அடிக்கு 9.5 அடி. பரப்பு 128.25 சதுர அடி. கல் 10 இஞ்ச் சதுரம்.

மகள் போட்டது: ஒரு கல்லின் பரப்பு 100 ÷ 144 = 0.6944 சதுர அடி. ஒரு தசம இடத்துக்கு முழுதாக்கினால் 0.7. 128.25 ÷ 0.7 = 183.21. புள்ளிக்குப் பின்னால் 5-க்குக் கீழே இருப்பதால் விட்டுவிடலாம். விடை 183.

நான் செல்போனில் போட்டது: 128.25 ÷ 0.6944 = 184.69. விடை 185.

கொத்தனார் அறைக்குள் நுழைந்து டேப்பை இரண்டு பக்கம் இழுத்தார், அரை நிமிடம் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார், "இருநூத்தி நாலு" என்றார். ஒன்று கூடக் குறைக்க மாட்டாராம்.

கல் ஒன்று 52.50. மகளுக்கும் கொத்தனாருக்கும் இடையே 21 கல், அதாவது 1,102 ரூபாய் 50 காசு. யார் சொல்வதை எடுப்பது?

ஓய்வு_வாத்தியார் | சனி இரவு 9.25

முதலில் பாப்பாவின் கணக்கு. போட்ட விதம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு இடத்தில் கால் வழுக்கியிருக்கிறது.

ஒன்று, 0.6944-ஐ முதல் படியிலேயே 0.7 ஆக்கியது. வித்தியாசம் 0.0056தானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சின்னப் பொய்யைக் கல்லுக்கு ஒரு தடவை சொல்கிறோம், கிட்டத்தட்ட 185 தடவை. சேர்த்துப் பார்த்தால் ஒன்றரைக் கல் காணாமல் போகிறது. முழுதாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டும். இங்கே தசமமே தேவையில்லை பாருங்கள்: அறையை இஞ்சில் எழுதினால் 162-க்கு 114. பெருக்கினால் 18,468. கல் 100 சதுர இஞ்ச். வகுத்தால் 184.68. தம்பிக்கு 184.69 வந்தது கூட 0.6944-இல் வால் வெட்டப்பட்டதால்தான்.

இரண்டாவதுதான் பெரிது. 183.21 என்றால் என்ன அர்த்தம்? 183 கல் பதித்த பிறகும் ஐந்தில் ஒரு பங்கு கல் அளவுக்கு மண் தெரிகிறது என்று அர்த்தம். '5-க்குக் கீழே என்றால் விட்டுவிடு' என்ற விதி தரைக்குத் தெரியாது. பாப்பா கணக்குப்படியே போனாலும் 184 வாங்கியிருக்க வேண்டும்.

சிமென்ட்பூ | சனி இரவு 10.05

வாத்தியார் ஐயா கோபிக்கக் கூடாது. பரப்பை வகுக்கிற கணக்கு தண்ணீருக்குச் சரி, பெயின்ட்டுக்குச் சரி. கல்லுக்குச் சரியில்லை. 184.68 என்று சொன்னால் கல்லைப் பொடி பண்ணி ஊற்றப் போகிறோமா?

நான் ஆத்தங்குடியில் கல் போடுகிற பட்டறை வைத்திருக்கிறேன். நாங்கள் எண்ணுவது இப்படி. நீளவாட்டில் 162 ÷ 10 = 16.2. அகலவாட்டில் 114 ÷ 10 = 11.4. முழுக்கல் 16 வைத்ததும் சுவரோரம் 2 இஞ்ச் இடைவெளி நிற்கும். அதற்கும் ஒரு கல்லைத்தான் வெட்டணும். ஆக 17. அந்தப் பக்கம் 12. பதினேழு பன்னிரண்டு 204. உங்கள் கொத்தனார் முணுமுணுத்தது இதுதான்.

அவர் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக மேலே ஏற்றிவிட்டுப் பிறகு பெருக்குகிறார். நீங்கள் பெருக்கிவிட்டு ஏற்றுகிறீர்கள். அதில் வந்ததுதான் 19 கல் வித்தியாசம்.

பட்டாலைவாசி | சனி இரவு 10.20

அண்ணே, புரிகிறது. ஆனால் 2 இஞ்ச் பட்டைக்கு ஒரு கல்லை வெட்டினால் மிச்சம் 8 இஞ்ச் இருக்குமே. அதைத் தூக்கியா போடுவார்கள்? அதிலிருந்து இன்னும் பட்டை எடுக்கலாமே.

சிமென்ட்பூ | சனி இரவு 10.50

எடுக்கலாம், கல்லில் பூ இல்லாவிட்டால்!

எப்படிச் செய்கிறோம் என்று தெரிந்தால் இது விளங்கும். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியைப் படுக்க வைத்து, அதன் மேல் பூ அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் நிறச் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றுவோம். அச்சைத் தூக்கிவிட்டு மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு அழுத்தி வழிப்போம். தொட்டித் தண்ணீரில் ஊறி, காய்ந்த பிறகு கண்ணாடியைக் கழற்றினால் பளபளப்பு கல்லோடு வந்துவிடும். பாலிஷ் கிடையாது. எல்லாம் கைவேலை. பூ கல்லின் நடுவில் இருக்கும், கொடி ஓரத்தில் போகும். சுவரோரம் 2 இஞ்ச் பட்டை வைத்தால் அதில் கொடி தெரிய வேண்டும். நடுவிலிருந்து வெட்டிய பட்டையில் பாதிப் பூ தெரியும், கண்ணை உறுத்தும். அதனால்தான் கொத்தனார் பட்டைக்கு ஒரு கல் என்று எண்ணுகிறார்.

ஒரு வழி இருக்கிறது. பழைய வீடுகளில் சுவரையொட்டி ஓரத்துக்கு வேறு கல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல, பூக்கல்லை முழுசாக 16-க்கு 11 போட்டுவிடுங்கள், 176. மிச்ச இடத்துக்கு ஒரே நிறத்தில் வெற்றுக்கல். வெற்றுக்கல்லை எங்கே வெட்டினாலும் ஒன்றுதான்.

2 இஞ்ச் பட்டை 11 வேண்டும். 10 இஞ்ச் கல்லில் ஐந்து பட்டை வரும் என்று பாப்பா சொல்லும். வராது. வெட்டுகிற பிளேடு ஒவ்வொரு தடவையும் 3 மில்லிமீட்டர் தின்னும், நாலு வெட்டுக்கு 12 மில்லி, கிட்டத்தட்ட அரை இஞ்ச். ஐந்தாவது பட்டை ஒன்றரை இஞ்சுதான் நிற்கும். ஆக ஒரு கல்லுக்கு நாலு பட்டை. 11 ÷ 4 = 2.75, மூன்று கல். 4 இஞ்ச் பட்டை 16 வேண்டும், கல்லுக்கு இரண்டு, எட்டு கல். மூலையில் 2-க்கு 4 ஒரு துண்டு, அது மிச்சத்தில் வந்துவிடும்.

176 + 3 + 8 = 187.

பட்டாலைவாசி | சனி இரவு 10.58

ஐந்தாவது பட்டை வராது என்பதை மகளிடம் சொன்னேன். "புஸ்தகத்தில் பிளேடு இல்லையே அப்பா" என்கிறாள்.

தேவகோட்டைத்_தராசு | ஞாயிறு காலை 6.40

கடையில் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் நடுவில் நுழைகிறேன். '5-க்கு மேல் ஏற்று, கீழே என்றால் விடு' என்ற விதியைப் போட்டு அடிக்காதீர்கள். அது வாழ்கிற இடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது: வரித் தொகையில் 50 காசும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய் ஆக்கு, குறைந்தால் கழித்துவிடு. 2026 மார்ச் வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 288ஏ பிரிவு இன்னும் தாராளம், மொத்த வருமானத்தைப் பக்கத்துப் பத்து ரூபாய்க்கே முழுதாக்கச் சொன்னது. நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. எட்டணா சட்டப்படி இன்னும் செல்லும், ஆனால் காரைக்குடியில் யாராவது வாங்கிப் பார்க்கட்டும்.

பணத்தில் பாதி நேரம் நமக்கு 30 காசு லாபம், பாதி நேரம் கடைக்காரருக்கு. வருஷக் கடைசியில் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். கல்லில் அப்படி இல்லை. ஒரு வீட்டில் குறைந்த கல்லை இன்னொரு வீட்டில் மிஞ்சிய கல் வந்து அடைக்காது.

வாத்தியார் சொன்ன 'கடைசியில் ஒரு முறை' என்பது பில்லுக்கும் பொருந்தும். 33.45 ரூபாய் சாமான் மூன்று. ஒவ்வொன்றையும் முழுதாக்கினால் 33, 33, 33, மொத்தம் 99. சேர்த்துவிட்டு முழுதாக்கினால் 100.35, அதாவது 100. புதிதாக வந்த பையன் ஒருவன் வரிக்கு வரி முழுதாக்கி எழுதி, மாசக் கடைசியில் கல்லாவும் நோட்டும் சேராமல் என்னை ராத்திரி பதினொரு மணி வரை உட்கார வைத்தான்.

லேப்_எலி | ஞாயிறு காலை 7.15

சரியாகப் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லையே. 2.5 என்றால் 3 என்பீர்கள். ஆய்வகத்தில் நாங்கள் 2 என்போம். 3.5-ஐ 4 என்போம். எண்களை முழுதாக்குவதற்கென்றே ஐ.எஸ். 2 என்று இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது. மிகச் சரியாகப் பாதி என்றால் பக்கத்தில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போ என்பது அதன் விதி. எப்போதும் மேலேயே ஏற்றினால் நூறு அளவுகளின் சராசரி கொஞ்சம் மேல்பக்கமாகச் சாய்ந்துவிடும். இரட்டை எண் விதியில் பாதி ஏறும், பாதி இறங்கும். பைத்தான் என்ற கணினி மொழியில் round என்று கொடுத்து 2.5 போட்டாலும் 2தான் வரும்.

பட்டாலைவாசி | ஞாயிறு காலை 7.22

அண்ணே, இதை மட்டும் அவளிடம் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே தாத்தா வீட்டுத் தரையே வேண்டாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு காலை 8.10

பாதிக் கதை என்றதும் எனக்கு 1957 ஞாபகம் வருகிறது. ஏப்ரல் 1-ஆம் தேதி புதுக் காசு வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அன்றிலிருந்து 100 நயா பைசா. ஓர் அணா 6.25 நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? அட்டவணை போட்டார்கள்: ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. இரண்டணா சரியாக 12.5. ஏற்றியிருந்தால் 13. ஆனால் அந்த அட்டவணையில் பாதியைக் கீழேதான் தள்ளினார்கள்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஓரணா மிட்டாயைப் பதினாறு தடவை தனித்தனியாக வாங்கினால் 96 பைசா, மொத்தமாக வாங்கினால் ஒரு ரூபாய் என்று கண்டுபிடித்து ஒரு வாரம் கடைக்காரரை உயிரை எடுத்தோம். தராசுக்காரர் சொன்ன வரிக்கு வரி விவகாரம்தான் இது, அந்தப் பையனுக்கு முன்னாலேயே நாங்கள் செய்துவிட்டோம்.

எங்கள் அப்பா இந்தத் தசமத்தைக் கடைசி வரை நம்பவில்லை. அரைக்கால் என்றால் அரைக்கால், 0.125 என்பானேன் என்பார். மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. பின்னத்தில் முழுதாக்கும் தொல்லை இல்லை. பாப்பாவின் கல்லையும் 0.6944 என்று எழுதாமல் 36-இல் 25 பங்கு என்று எழுதினால் ஒரு துளியும் சிந்தாது.

பணியாரச்சட்டி | ஞாயிறு காலை 10.30

ஆண்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு தரைக்கு இவ்வளவு பேசுகிறீர்கள். அடுப்படியில் இதை நாங்கள் தினமும் செய்கிறோம்.

வெள்ளைப் பணியாரத்துக்கு என் மாமியார் சொன்ன அளவு: ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்துகொள். அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டு. எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. இதைக் கிராமில் நிறுத்துப் பார்த்து 0.2, 0.25 என்று எழுதி வைத்த என் மருமகளுக்குப் பணியாரம் மூன்று தடவை சப்பென்று வந்தது. நாலாவது தடவை ஆழாக்கை எடுத்தாள்.

விசேஷ வீட்டுக் கணக்குக்கு வாருங்கள். 230 பேர், ஒரு பந்திக்கு 48 இலை. 230 ÷ 48 = 4.79. ஐந்து பந்தி. 193 பேர் வந்தாலும் ஐந்து பந்திதான். நாலுக்கு மேல் ஒரே ஓர் ஆள் நின்றாலும் அவரை இலை போடாமல் அனுப்ப முடியுமா? ஆனால் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) வாங்க 1,000 ரூபாய் எடுத்துக்கொண்டு போகிறேன், கொட்டான் 145 ரூபாய் என்றால் 6.90 வரும். இங்கே ஆறுதான். பள்ளிக்கூட விதிப்படி ஏழு என்று சொல்லி நின்றால் 15 ரூபாய் கடன் சொல்ல வேண்டும்.

ஆள், இலை, கல் எல்லாம் மேலே போகும். கையில் இருக்கிற காசு கீழே வரும். எங்களுக்கு யாரும் விதி சொல்லித் தரவில்லை.

பட்டாலைவாசி | ஞாயிறு மதியம் 12.15

ஆச்சி சொன்னதைப் படித்ததும் மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நம்ம காசு எவ்வளவு?" என்றாள். அதைச் சொல்லவே இல்லையே நான். மொத்தம் 11,000 ஒதுக்கியிருக்கிறேன். அதில் ஆத்தங்குடியிலிருந்து குட்டியானை வாடகை 650. கல்லின் எடையும் பார்த்தேன், பட்டறையில் வாங்கிவந்த மாதிரிக் கல் இரண்டே முக்கால் கிலோ. இருநூறு கல்லே ஆனாலும் 550 கிலோ, வண்டி தாங்கும். பணம்தான் தாங்குமா தெரியவில்லை.

சிமென்ட்பூ | ஞாயிறு மதியம் 12.40

187 மட்டும் வாங்காதீர்கள். நம்ம ரோட்டில் வரும்போது மூலை உடையும், வெட்டும்போது ஒன்றிரண்டு விரியும். 5 சதவீதம் சேதாரம் வையுங்கள். குறைந்தால் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கைக்கலவை, அடுத்த ஈட்டில் சிவப்பு கொஞ்சம் மாறித்தான் வரும். எங்கள் பட்டறை என்றாலும் அதேதான், மறைக்கவில்லை.

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு மதியம் 2.00

ஆக, பாப்பாவின் கணக்கு இப்போது அசமன்பாடு ஆகிவிட்டது. கல்லின் எண்ணிக்கையை 'க' என்று வைத்துக்கொள்வோம்.

தரை கேட்பது: க ≥ 187 × 1.05, அதாவது க ≥ 196.35.

பை கொடுப்பது: 52.5க + 650 ≤ 11000. 650-ஐக் கழித்தால் 52.5க ≤ 10350. வகுத்தால் க ≤ 197.14.

இரண்டையும் சேர்த்து எழுதினால் 196.35 ≤ க ≤ 197.14. இந்த இடுக்குக்குள் ஒரே ஒரு முழு எண்தான் நுழையும்: 197. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

இதில் பாப்பா கவனிக்க வேண்டியது, 196.35 மேலே ஏறி 197 ஆகிறது, 197.14 கீழே இறங்கி 197 ஆகிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பார்த்து நாம் முடிவு செய்யவில்லை. 0.35-உம் 0.5-க்குக் கீழ்தான், 0.14-உம் அப்படித்தான். குறி எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்தோம்.

நாற்பது வருஷம் பாடம் எடுத்ததில் பிள்ளைகள் இந்தக் கணக்கில் தோற்பது குறியில் இல்லை, தமிழில்தான். 'குறைந்தது 50 பேர்' என்று கேள்வியில் இருக்கும். 'குறை' என்ற எழுத்தைப் பார்த்ததும் கை தானாக < போட்டுவிடும். அதன் பொருள் நேர் எதிர்: 50 அல்லது அதற்கு மேல். '50-க்குக் குறையாமல்' என்பதும் அதேதான். '50-க்குக் குறைவாக' என்றால் மட்டும்தான் <. ஒரே வேர்ச்சொல், மூன்று வால், இரண்டு திசை. 'மிகாமல்' இன்னொரு வில்லன். '11,000-க்கு மிகாமல்' என்பதில் 'மிகு' இருப்பதால் > போடுவார்கள். அது ≤. 'மேற்பட்ட' என்றால் சமம் சேராது, '18 வயது நிரம்பிய' என்றால் சேரும். அரசு அறிவிப்புகளைப் படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது தகராறு பண்ணாது.

என்னுடைய யோசனை, குறி போடுவதற்கு முன் ஓர் எண்ணை வைத்துக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'குறைந்தது 50 பேர்' என்றால் 60 பேர் வந்தால் விரட்டுவார்களா? மாட்டார்கள். அப்போது 60 உள்ளே. சரியாக 50 பேர் வந்தால்? உள்ளே. 40? இல்லை. மூன்று கேள்வியில் குறி விழுந்துவிடும்.

பிளஸ்டூ_படிப்பாளி | ஞாயிறு மதியம் 3.30

சார், ஒரு சந்தேகம். நான் இதையே மீதிப் பணத்தை வைத்துப் போட்டேன். கல் வாங்கிய பிறகு கையில் வண்டிக்குக் குறைந்தது 650 இருக்க வேண்டும். 11000 − 52.5க ≥ 650. அப்புறம் −52.5க ≥ −10350. வகுத்தால் க ≥ 197.14 என்று வந்துவிட்டது. அதாவது 198, 300, 1000 கல் எல்லாம் வாங்கலாமாம்! குறி திரும்பும் என்று மனப்பாடமாகத் தெரியும். ஏன் திரும்ப வேண்டும்?

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு மாலை 4.10

நல்ல கேள்வி, உன் வாயாலேயே பதில் வந்துவிட்டது. கல் கூடக் கூட மீதி குறையும். மீதி 'குறையாமல்' இருக்க வேண்டும் என்றால் கல் 'மிகாமல்' இருக்க வேண்டும். மீதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நீ கல்லைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது திசை மாறுகிறது. கழித்தல் குறியோடு வகுப்பது அந்த இடம்தான். 3 பெரிது, 2 சிறிது. −3-உம் −2-உம் எது பெரிது என்று எண்கோட்டில் பார். பூஜ்ஜியத்துக்கு அந்தப் பக்கம் போனால் எல்லாம் தலைகீழ்.

தேவகோட்டைத்_தராசு | ஞாயிறு மாலை 5.05

ஒரு நிமிடம். 197-உம் 52.50-க்கு ஏன் போட்டீர்கள்? சிமென்ட்பூ சொன்ன வழியில் பூக்கல் வேறு, வெற்றுக்கல் வேறு ஆயிற்றே. வெற்றுக்கல் விலை குறைவாகத்தான் இருக்கும்.

சிமென்ட்பூ | ஞாயிறு மாலை 5.20

ஆமாம், பூக்கல் 52.50 என்றால் அதே அளவு வெற்றுக்கல் 45-க்குக் கொடுக்கலாம். அச்சு வேலை இல்லை.

தேவகோட்டைத்_தராசு | ஞாயிறு மாலை 5.50

அப்படி வாருங்கள். சேதாரத்தைத் தனித்தனியாகப் போடணும். பூ உடைந்தால் வெற்றுக்கல் அந்த இடத்துக்கு உதவாது.

பூக்கல் 176 × 1.05 = 184.8, எனவே 185. வெற்றுக்கல் 11 × 1.05 = 11.55, எனவே 12. கூட்டினால் அதே 197.

பணம்: 185 × 52.50 = 9,712.50. 12 × 45 = 540. வண்டி 650. மொத்தம் 10,902.50. கையில் 97.50 மிச்சம்.

அந்த 97.50-க்கு என்ன வரும்? இன்னும் ஒரு பூக்கல் 52.50, இன்னும் ஒரு வெற்றுக்கல் 45. கூட்டிப் பாருங்கள், காசு பிசகாமல் 97.50. ஆக 186 பூ, 13 வெற்று, வண்டியோடு சரியாக 11,000.

லேப்_எலி | ஞாயிறு மாலை 5.58

சும்மாவா ≤ குறிக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அது வெறும் < ஆக இருந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

பணியாரச்சட்டி | ஞாயிறு மாலை 6.30

எல்லாம் சரி, ஏற்றி இறக்குகிறவர்களுக்கு டீ யார் வாங்கித் தருவது?

பட்டாலைவாசி | இரண்டு வாரம் கழித்து, திங்கள் இரவு 9.10

தாமதத்துக்கு மன்னிக்கவும், வீடு முழுக்கத் தூசி.

186-உம் 13-உம் வாங்கினோம். நான் பட்டறையில் நின்று எண்ண, மகள் நோட்டில் கோடு போட்டாள், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. ஆச்சி சொன்னது பலித்தது. டீ, வடை, இறக்குகூலி என்று 140 ரூபாய் மேலே போய்விட்டது. மகள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள், நான் பேச்சை மாற்றினேன்.

வழியில் பூக்கல் மூன்று மூலை போனது. வெட்டும்போது வெற்றுக்கல் ஒன்று இரண்டாகப் பிளந்தது. பிளேடு விஷயத்தில் சிமென்ட்பூ அண்ணன் சொன்னது அட்சரம் பிசகவில்லை, ஐந்தாவது பட்டை ஒன்றரை இஞ்சுக்கு மேல் வரவில்லை. அந்தத் துண்டை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள், வகுப்பில் காட்ட வேண்டுமாம். ஒரே தொல்லை, நூறு வருஷச் சுவர் நேராக இல்லை. ஒரு கோடியில் இடைவெளி 4 இஞ்ச், மறுகோடியில் நாலரை. அந்தப் பக்கம் பட்டைகளைக் கோணலாக வெட்டியதில் வெற்றுக்கல் கூடுதலாக ஒன்று செலவு.

பதித்து முடித்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாயிற்று. பூக்கல் ஏழு மிச்சம், வெற்றுக்கல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நோட்டில் எழுதியதைக் கொத்தனாரிடம் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "எல்லாஞ் சரிதான் தாயி, சொவரு கோணலுன்னு எங்கயும் எழுதலையே" என்றார்.

சிமென்ட்பூ | திங்கள் இரவு 9.35

மிச்ச ஏழு கல்லையும் தூக்கிப் போடாதீர்கள். பரணில் ஏற்றுங்கள். இருபது வருஷம் கழித்து ஒன்று விரிசல் விட்டால் இந்தச் சிவப்பு எங்கேயும் கிடைக்காது.

பட்டாலைவாசி | திங்கள் இரவு 9.41

ஏற்றியாயிற்று அண்ணே. பரணில் ஏற்கெனவே ஐயா காலத்துக் கல் பதினொன்று இருந்தது. இப்போது பெயர்த்தெடுத்த தரையோடு நிறம் அப்படியே சேர்ந்தது, நாங்கள்தான் பெயர்ப்பதற்கு முன்னால் ஏறிப் பார்க்கவில்லை.